மதுரையை ராத்திரியில் பாருங்கள்: சிம்மக்கல்காரரிடம் சில கேள்விகள்

மதுரை சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூரிலிருந்து வரும் சொந்தபந்தம், சிநேகிதர்களுக்கு 20 வருடமாக ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். மதுரைக்கு வருகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அண்ணே, சென்னையிலிருந்து வருகிறோம். ஒரு பகல், ஒரு ராத்திரிதான் கையில் இருக்கிறது. எப்படிப் பிரிக்கலாம்?

மத்தியானத்தைத் தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள் தம்பி. பன்னிரண்டரை மணிவாக்கில் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த வெயிலில் மாசி வீதியைச் சுற்றினால் தலைவலிதான் மிச்சம்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடிகாலையில் இறங்கலாம். பையை அறையில் போட்டுவிட்டு நேரே மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்விடுங்கள். அந்நேரம் மல்லிகை இன்னும் மொட்டுதான். காம்பு நீண்டு, இதழ் தடித்து, கையில் அள்ளினால் ஜில்லென்று இருக்கும். மணம் அப்போது அடங்கித்தான் இருக்கும். கொஞ்சம் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சாயங்காலம் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால், சித்திரை வீதியில் நடக்க நடக்க அவிழும். அதற்கப்புறம் யாரும் மதுரை மல்லி என்றால் என்ன என்று கேட்கமாட்டார்கள்.

கோயிலுக்கு எந்த நேரம் போனால் நல்லது?

ராத்திரி, பள்ளியறை பூஜைக்கு. ஒன்பது மணிக்கு முன்பே அம்மன் சன்னதிப் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். சுவாமி சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, அம்மனின் பள்ளியறைக்கு, அதாவது துயிலும் அறைக்கு, கொண்டுவருவார்கள். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், பல்லக்கு திரும்பி வரும் அந்த நிமிடம் இன்னமும் எனக்குத் தொண்டை அடைக்கும். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், வெளியே ஒப்படைக்க வேண்டும். அரைக்கால் சட்டை கூடாது.

நைட் லைஃப் என்றால் பார், டிஸ்கோ மாதிரி ஏதாவது உண்டா? பெங்களூரிலிருந்து நாலு நண்பர்கள் வருகிறோம்.

பெரிய ஓட்டல்களில் பார் உண்டு. அதற்காக மதுரை வரை வர வேண்டாம். இங்கே ராத்திரி என்றால் கடைத்தெருவும் சாப்பாடும்தான். சங்க காலத்திலேயே அப்படித்தான். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பகல் கடையை நாளங்காடி என்றும் ராத்திரிக் கடையை அல்லங்காடி என்றும் சொல்கிறார். அல்லங்காடியின் இரைச்சல் பல ஜாதிப் பறவைகள் ஒன்றாகக் கத்துவது போல இருந்ததாம். ராத்திரி பரோட்டாக் கடையில் கொத்துக்கரண்டி கல்லில் அடிக்கும்போது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

கறி தோசை சாப்பிடாமல் ஊருக்குத் திரும்பாதீர்கள். கல்லில் தடிமனாக மாவை ஊற்றி, அது வேகும் முன்பே முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்புவார்கள். அதன் மேல் பொடியாக நறுக்கி வதக்கிய ஆட்டுக்கறி. அப்புறம் திருப்பிப் போட்டு அழுத்தும்போது கறியின் எண்ணெய் மாவுக்குள் இறங்கும். ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும், அதனால் முதலில் பரோட்டா சொல்லிவிடாதீர்கள்.

அம்மா சைவம். அவருக்கு?

இட்லி, நாலைந்து வகைச் சட்னி. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். சளி பிடிக்கும் உடம்பென்றால் பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள்.

தனியாக வரும் பெண் நான். ராத்திரி நடக்கலாமா அண்ணா?

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கூட்டம் இருக்கும்வரை தாராளமாக நடக்கலாம்மா. கடைகள் அடைக்கத் தொடங்கிவிட்டால் செயலியில் வண்டி பிடித்து அறைக்குப் போய்விடுங்கள். தங்குவதற்கும் சந்துக்குள் போகாமல் மெயின் ரோட்டிலேயே அறை பாருங்கள்.

வைகையில் தண்ணீர் ஓடுமா? சித்திரைத் திருவிழாவுக்குக் குழந்தைகளோடு வரலாமா?

வருடத்தில் பெரும்பாலும் மணலும் புல்லும்தான். பாலத்தில் நின்று பார்த்தால் வருத்தமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயில் பெருமாளான கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கென்று வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள்.

சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் தங்கக்குதிரையில் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே திரளும். என் மகனுக்கு நாலு வயதில் அந்த நெரிசலுக்குள் கூட்டிக்கொண்டு போய், தோளில் வைத்தபடி ஒரு மணி நேரம் நகரமுடியாமல் நின்றேன். அவன் அழுத அழுகை மறக்காது. குழந்தைகள் இருந்தால் முதல் நாள் தல்லாகுளத்தில் எதிர்சேவை பாருங்கள். அழகர்மலையிலிருந்து வரும் அழகரை மதுரைக்காரர்கள் சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி வரவேற்பார்கள். அங்கேயும் கூட்டம்தான், ஆனால் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்கும்.

ஆற்றில் இறங்கிய மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். விடிய விடிய அழகர் ஒவ்வொரு அவதாரமாக அலங்காரம் மாறி வருவார். உட்கார ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். பிள்ளைகள் மடியிலேயே தூங்கிப்போவார்கள், மோகினி அலங்காரத்துக்கு மட்டும் எழுப்பிவிடுங்கள்.