படத்தைச் சொல்கிறான், எழுத்தில் திணறுகிறான்

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. தக்காளிப் படத்தைக் காட்டினால் சட்டென்று சொல்கிறான். ‘தக்காளி’ என்று எழுதியிருந்தால் எழுத்துக் கூட்டித் திணறுகிறான். சில எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறான். இடது கைப் பழக்கம் வேறு. படிக்கும்போது தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். யூடியூபில் பார்த்தால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு என்கிறார்கள். ஞாபகசக்தி டானிக் கொடுத்து வருகிறோம்.
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: உங்கள் பிள்ளை மந்தம் இல்லை அம்மா. தக்காளிச் சந்தைக்குப் பேர்போன பாலக்கோட்டுப் பிள்ளைக்குத் தக்காளியைத் தெரியாமல் போகுமா? படத்தைப் பார்த்ததும் பொருள் நேராக மனதுக்கு வந்துவிடும். எழுத்தை ஒலியாக்கி, ஒலிகளைச் சேர்த்து, அப்புறம்தான் பொருளுக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கு இது தலைகீழ். படத்துக்குப் பெயர் சொல்வதைவிட, அச்சிட்ட சொல்லை வேகமாக வாசித்துவிடுவோம். 1886-லேயே ஜேம்ஸ் கட்டெல் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அளந்து எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வேகம் பல வருடம் வாசித்து வருவது. தமிழில் 247 எழுத்து. ‘கொய்யா’வில் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, அதன் ஒலியோ ‘க்’குக்குப் பின்னால் வருகிறது. பிள்ளை அங்கே கொஞ்சம் நிற்கத்தான் செய்வான்.

இடது கை நோயே இல்லை. எழுத்தைத் திருப்பிப் போடுவது இந்த வயதில் சகஜம். டிஸ்லெக்சியாவை நேரில் சோதித்துத்தான் சொல்ல முடியும், அதற்கும் இன்னும் கொஞ்சம் காலம் பார்க்க வேண்டும். மூன்று நிமிட வீடியோ முடிவு செய்கிற விஷயமா அது?

போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, தலையைச் சாய்ப்பதும் ஒரு கண்ணை மூடுவதும், எனக்குக் கவலை அதுதான். ஒரு கண்ணில் பார்வை குறைவாகவோ லேசான மாறுகண்ணாகவோ இருக்கலாம். பெரிய படம் மங்கலாகத் தெரிந்தாலும் அடையாளம் பிடிபடும். சின்ன எழுத்தின் புள்ளியும் சுழியும் பிடிபடாது. இன்றைக்கே அவன் கண்களை மாற்றி மாற்றி உள்ளங்கையால் மூடி, சுவர் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் சிணுங்கினாலோ கையைத் தட்டிவிட்டாலோ, திறந்திருக்கும் கண்ணில் கோளாறு இருக்கலாம். சரியாகப் படித்துவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரமே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகு மருந்தின் வேகம் இறங்கும் வரை கண் கூசும், பயப்பட வேண்டாம். சோம்பல் கண் (மூளை ஒரு கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாததால் அதில் பார்வை குறைவது) என்றால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைப்பார்கள். வயது ஏற ஏற இந்தச் சிகிச்சையின் பலன் குறைந்துகொண்டே போகும். ‘இந்த வயசிலேயே கண்ணாடியா’ என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தாலும் கேட்காதீர்கள்.

டானிக்கை நிறுத்திவிடுங்கள்.