ஏழாம் மாதத்தில் சுரீர் வலியும் ஓயாத ஈரமும்

பிறப்புறுப்பில் வரும் சுரீர் வலியைக் கர்ப்பப்பை வாய் திறப்பதன் அறிகுறி என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பயந்துபோய், 31 வாரக் கர்ப்பிணியான நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் அடித்ததுபோல் வந்து சில நொடிகளில் மறையும் அந்த வலி, அதன் அறிகுறி அல்ல. 31-வது வாரத்தில் குழந்தை புரளும்போதும் தலையால் அழுத்தும்போதும் அங்குள்ள நரம்புகள் நெருக்கப்பட்டு அப்படி இழுக்கும். ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குறைப்பிரசவ வலி வேறு மாதிரி: வயிறு கல்போல் இறுகும், தளரும், மறுபடி இறுகும்; இடைவெளி குறைந்துகொண்டே வரும். உங்களை இரவெல்லாம் அழவைத்த அந்த வீடியோவை இனி திறக்காதீர்கள்.

கனமாக இருப்பது, அந்த இடம் நீலம் பாரித்துத் தெரிவது எல்லாம் ரத்த ஓட்டம் கூடுவதால் வருபவை. அவற்றை விடுங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான்: ‘இரண்டு நாளாக உள்ளாடை நனைந்துகொண்டே இருக்கிறது, சிறுநீராக இருக்கும்.’ அடுத்த வாரச் செக்கப் வரை பொறுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இன்றே போங்கள்.

பனிக்குடம், அதாவது குழந்தையைச் சுற்றியுள்ள நீர் நிறைந்த சவ்வுப் பை, உடைந்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். சிறு கிழிசல் என்றால் சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். சிறுநீருக்கு வாடை உண்டு, பெரும்பாலும் அடக்கவும் முடியும். பனிக்குட நீர் தண்ணீர்போல இருக்கும், அடக்க முடியாது. படுத்திருந்து எழுந்தாலோ இருமினாலோ மேலும் வரும். வெள்ளைப்படுதல் பிசுபிசுப்பாக இருக்கும். ஆனால் வீட்டில் பார்த்தே முடிவுகட்டிவிடாதீர்கள். சிறுநீர்தானா என்பதைக் கருவி வைத்துப் பார்த்து நாங்கள் சொல்லவேண்டும். தேவைப்பட்டால் ஸ்கேனில் நீரின் அளவையும் பார்ப்போம்.

ஏன் இத்தனை அவசரம்? அந்தச் சவ்வுதான் கிருமிகளைக் குழந்தையிடம் நெருங்கவிடாமல் தடுக்கிறது. அது கிழிந்தால் தொற்று மேலே ஏறலாம். பிரசவமும் முன்கூட்டியே தொடங்கலாம். நேரத்தில் வந்தால் ஆன்டிபயாடிக் தர முடியும். குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசியும் போடலாம். ஆனால் அது முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும். வீட்டில் காத்திருந்தால் கைநழுவுவது அந்த ஒரு நாள்தான். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தாலும், காய்ச்சல், ரத்தக் கசிவு இருந்தாலும், அசைவு குறைந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அரிப்பும் தயிர்த் திப்பிபோன்ற வெள்ளைப்படுதலும் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. கர்ப்பிணிகளுக்குச் சகஜம், குழந்தைக்கு ஆபத்தில்லை. அதற்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையே போதும். அதையும் பரிசோதனைக்குப் பிறகுதான் வைக்கவேண்டும். நீர் கசிகிறதா என்று தெரியும்வரை உள்ளே எதையும் வைக்காதீர்கள், தாம்பத்திய உறவும் வேண்டாம். பூஞ்சைத் தொற்றுக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஃப்ளூகோனசோல் மாத்திரையில் இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். கர்ப்ப காலத்தில் நாங்களே தவிர்க்கும் மருந்தை, வயிற்றைப் பார்த்தபிறகும் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்! ஒன்று போட்டதற்காகப் பதற வேண்டாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டெட்டால் தண்ணீரில் கழுவுவதை நிறுத்துங்கள், அது எரிச்சலைத்தான் கூட்டும். வெறும் தண்ணீர் போதும்.

மாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘பனிக்குட நீர் கசிகிறதோ என்று சந்தேகம்’ என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், அந்த மாத்திரை அட்டை எல்லாம் கையோடு இருக்கட்டும். சுத்தமான பேட் ஒன்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நனைந்தால் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.