மாற்றுச் சிறுநீரகமும் மருக்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாற்றுச் சிறுநீரகம் வைத்து 6 ஆண்டுகள் ஆகின்றன. விரல்களில் மருக்கள் பெருகிக்கொண்டே போவது ஏன்?

உறுப்பைக் காக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் மாத்திரைகள், மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸை அடக்கி வைத்திருக்கும் டி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களையும் சேர்த்தே தளர்த்திவிடுகின்றன. மருவுக்குப் பயந்து மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், சிறுநீரகமே போய்விடும்.

மருவின் மேல் சுண்ணாம்பு வைக்கலாமா?

வேண்டாம். புண்ணாகிச் சீழ் பிடிக்கும்.

கீழுதட்டில் இருந்த மருவைச் சுட்டு எடுத்தார்கள். மூன்றே மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் தடிக்கிறது. இன்னொரு முறை சுட்டுக்கொள்ளலாமா?

கூடாது. எடுத்த சதையைப் பயாப்சி என்னும் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, நீங்கள் என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டையுமே எழுதாமல் பதில் கேட்பது எந்த வகையில் நியாயம்? மாற்றுச் சிறுநீரகம் உள்ளவரின் தோலில் மருவும் ஸ்குவாமஸ் என்ற வகைத் தோல் புற்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், வேகமாக வளர்வது, வலிப்பது, இரத்தம் கசிவது, எடுத்த இடத்திலேயே திரும்ப முளைப்பது ஆகிய எதையும் சதைப் பரிசோதனை இல்லாமல் கருக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். புறங்கையில் இரண்டு முறை சுடப்பட்ட பிறகு என்னிடம் வந்த ஒருவருக்கு, மூன்றாம் முறைதான் பயாப்சி நடந்தது. அதற்குள் புற்று பரவி அக்குளில் நெறி கட்டிவிட்டது. வெள்ளைத் தோலினரிடம் நடந்த பழைய ஆய்வுகள், இவ்வகைப் புற்றின் ஆபத்து பொதுமக்களைவிட 60 முதல் 100 மடங்கு என்கின்றன. உதட்டில் வருவது பரவும் வேகமும் அதிகம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள்.

நம் நிறத்தவருக்குத் தோல் புற்று வராது என்கிறார்களே?

குறைவாக வரும்; வராது என்பது தவறு. நிறம் வெயிலைத் தடுக்குமே தவிர வைரஸைத் தடுக்காது என்பதால், பிறப்புறுப்பு, ஆசனவாய் போன்ற வெயில் படாத இடங்களிலும் அதைத் தேட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, வெட்கப்படாமல், முழு உடலையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிகோடினமைடு சாப்பிட்டால் புற்று வராதாமே?

இது வைட்டமின் பி3 இன் ஒரு வடிவம். 2015 இல் பலன் காட்டிய ஆஸ்திரேலிய ஆய்வு, உறுப்பு மாற்று செய்யாதவர்களிடம் நடந்தது. உறுப்பு மாற்று செய்தவர்களிடம் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை.

அசாதயோப்ரின் சாப்பிடுகிறேன். வெயில் ஆகாதா?

உறுப்பைக் காக்கத் தரப்படும் அம்மருந்து, வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிரால் தோல் எளிதில் பாதிக்கப்படும்படி செய்துவிடுகிறது. முழுக்கைச் சட்டை, தொப்பி, எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் ஆகியவை தினமும் வேண்டும். புற்று ஏற்கெனவே வந்திருந்தால், உறுப்பைக் காக்கும் இன்னொரு மருந்தான சிரோலிமஸுக்கு மாற்ற முடியுமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரில் புரதம் அதிகம் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. மருந்தை மாற்றுவது அவர் வேலை, உங்கள் வேலை அன்று.