பயறு வகைச் செடிகளின் வேருக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா புகுந்து முடிச்சு போடுகிறது. செடியின் நோய் எதிர்ப்பு அதை ஏன் தாக்காமல் விடுகிறது?

விடுவதில்லை. உள்ளே வரலாமா என்று முடிவு செய்வதிலும், வந்தபின் அடக்கி வைப்பதிலும் அந்த நோய் எதிர்ப்பின் கருவிகளுக்குத்தான் பெரிய பங்கு. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பாடப்புத்தகம் இதை 'இரு தரப்புக்கும் நன்மை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால், இந்தச் சந்தேகம் வகுப்பில் வராத வருடமே இல்லை.

வேருக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்றெல்லாம் தெரியாது. சில மூலக்கூறுகளின் வடிவம்தான் தெரியும். பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழைப் புரதத்தில் ஒரு சின்னத் துண்டு, பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டின், இப்படிச் சில. அவை செல்லின் மேல் உள்ள ஏற்பியில் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் புரதம்) பட்டதும் எதிர்ப்பு கிளம்பும். ரைசோபியத்தின் கசையிழைப் புரதத்தில் அந்தத் துண்டு வேறு மாதிரி இருப்பதால், அந்த வழியில் அது பெரும்பாலும் மாட்டுவதில்லை.

ஆனால் மாட்டாமல் இருப்பது மட்டும் போதாது, கதவும் திறக்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லாமல் தவிக்கும் வேர் ஃபிளேவனாய்டுகள் என்ற வேதிப்பொருட்களை மண்ணில் கசியவிடுகிறது. பதிலுக்கு ரைசோபியம் 'நாட் காரணி' என்ற பொருளைச் சுரக்கிறது. 1990-ல் பிரான்சின் துலூஸ் நகரில் இதன் அமைப்பைக் கண்டுபிடித்தபோது தெரியவந்த விஷயம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது: அதன் முதுகெலும்பு கைட்டின்! நாலைந்து சர்க்கரை அலகுகள் கொண்ட குட்டிச் சங்கிலி, ஒரு முனையில் கொழுப்பு அமில வால். அதாவது செடி எதைக் கண்டால் பூஞ்சை வந்துவிட்டது என்று பதறுமோ, ஏறக்குறைய அதையே காட்டித்தான் ரைசோபியம் அனுமதி வாங்குகிறது.

இரண்டையும் செடி எப்படிப் பிரித்தறிகிறது? ஏற்பிகளே ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. லோட்டஸ் (தாமரை அல்ல) என்ற பயறு வகைச் செடியில் ஒரு ஏற்பி கைட்டினைப் பிடித்து எதிர்ப்பைக் கிளப்பும். அதன் நெருங்கிய உறவான இன்னொன்று நாட் காரணியைப் பிடித்து முடிச்சுக்கு வழிவிடும். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகக் குழு 2020-ல், இவற்றின் வெளிப்பகுதியில் சிறு துண்டுகளை மாற்றி வைத்தாலே ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யும் என்று காட்டியது. எதிரியை அடையாளம் காண இருந்த ஏற்பியைப் பரிணாமம் கொஞ்சம் திருத்தி விருந்தாளியை அடையாளம் காணவும் வைத்துக்கொண்டது என்றுதான் இதைப் படிக்கிறேன்.

நாட் காரணி சரியாக இருந்தாலும் சோதனை முடிவதில்லை. பாக்டீரியாவின் மேல் உள்ள சர்க்கரைப் பூச்சைப் பார்க்கத் தனி ஏற்பி உண்டு. சில சோயா ரகங்களில் இன்னும் கறார்: நோய்க்கிருமி செல்லுக்குள் செலுத்தும் புரதங்களைக் கண்டுபிடிக்கும் வகையைச் சேர்ந்த ஒரு மரபணு, சில ரைசோபியங்கள் செலுத்தும் புரதத்தையும் அடையாளம் கண்டு முடிச்சையே நிறுத்திவிடும். நல்லது செய்ய வந்த பாக்டீரியாதான், ஆனாலும் அனுமதி இல்லை.

முடிச்சுக்குள் போனபிறகு? பட்டாணி, குதிரைமசால் போன்றவை நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களைப் போன்ற சிறு பெப்டைடுகளை (குட்டிப் புரதங்களை) பாக்டீரியாவின் மேல் கொட்டுகின்றன. குதிரைமசாலின் உறவான மெடிகாகோ செடியில் இவற்றுக்கு மட்டும் சுமார் 700 மரபணுக்கள். பாக்டீரியா சாகாது, ஊதிப் பெருத்து, இனி பெருகவே முடியாத நிலைக்குப் போய், தழைச்சத்து தயாரித்துக்கொண்டே இருக்கும். உளுந்தில் இந்தக் கொடுமை இல்லை. முடிச்சு அழுகியதும் பாக்டீரியா உயிரோடு மண்ணுக்குத் திரும்பலாம்.

வேலை செய்யாத பாக்டீரியாவை என்ன செய்யும் என்பதற்கு 2003-ல் வந்த சோயா ஆய்வு ஒன்று. முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை வைத்தார்கள். பாக்டீரியா நினைத்தாலும் நைட்ரஜனைப் பிடிக்க முடியாது. அந்த முடிச்சுகளில் பாக்டீரியாவின் பெருக்கம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. செடி ஆக்ஸிஜனைக் குறைத்திருக்கிறது. (இதை நோய் எதிர்ப்பு என்று சேர்க்கலாமா என்பது வாதத்துக்குரியது. நான் தண்டனை என்றே வகுப்பில் சொல்வேன்.)

வயலுக்கு வந்தால் இரண்டு விஷயம். யூரியாவை அள்ளிப் போட்டால் செடிக்கு விருந்தாளி தேவையில்லை, முடிச்சு குறையும். அப்புறம், உளுந்துக்கான ரைசோபியம் பொட்டலத்தைக் கொண்டைக்கடலை விதையில் கலந்தால் பலன் கிடைக்காது. கொண்டைக்கடலை ஏற்கும் இனமே வேறு. கடையில் பயிரின் பெயரைச் சொல்லி வாங்குங்கள். கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து நிழலில்தான் உலர்த்த வேண்டும். பூப்பதை ஒட்டி ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்துக் கிடந்தால், முடிச்சு எத்தனை இருந்தாலும் தழைச்சத்துக்கு அதை நம்ப வேண்டாம்.