வாசகர் கேள்வி: தைனான் நகரின் கோக்சிங்கா நினைவாலயம்

கேள்வி: தைவான் தீவின் தைனான் நகருக்குப் போய் வந்த என் மகன், கோக்சிங்கா என்ற சீனப் படைத்தலைவருக்கு அங்கே ஒரு நினைவாலயம் இருப்பதாகவும், அது ஆட்சிக்கு ஆட்சி உருமாறியது என்றும் கூறினான். அதன் வரலாற்றையும் அமைப்பையும் விளக்குவீர்களா? இன்றுள்ள கட்டடம் பழமையானதுதானா?
- வாசகர், மதுரை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். இன்று நிற்கும் கட்டடம் 1963-இல் பழையதை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டது. ஆனால் அங்கே நடந்துவரும் வழிபாட்டுக்கு வயது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல்.

கோக்சிங்கா என்று உலகம் அறிந்த ஜெங் செங்கோங், 1624-இல் ஜப்பானின் ஹிராடோவில் சீனத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். மிங் அரசு வீழ்ந்து மஞ்சுக்களின் சிங் அரசு சீனாவைக் கைப்பற்றியபோது தந்தை சிங் பக்கம் சாய்ந்தார். மகனோ மிங் அரசகுலத்துக்காகக் கடைசிவரை போரிட்டார். 1661-இல் தைவானில் இறங்கிய அவர், டச்சுக்காரர்களின் ஸீலாண்டியா கோட்டையை ஒன்பது மாதங்கள் முற்றுகையிட்டு, 1662 பிப்ரவரியில் அவர்களைச் சரணடைய வைத்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார். அவர் வழிவந்தோரின் ஆட்சி 1683-இல் முடிந்து, தீவு சிங் அரசின் கைக்கு வந்தது.

சிங் அரசின் கண்ணில் அவர் எதிரி. ஆகவே தைனான் மக்கள் அவருடைய பெயரைச் சொல்லாமல், காடு திருத்திய மன்னர் என்ற பொருள் தரும் பட்டத்தால் ஒரு சிறு கோயிலில் வணங்கி வந்தனர். 1874-இல் ஜப்பானியப் படை தைவானின் தென்பகுதியில் இறங்கியதும் நிலைமை தலைகீழாக மாறியது. தீவின் பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட சிங் அதிகாரி ஷென் பாவ்சென், மக்களின் பற்றைப் பெற வேண்டுமானால் அவர்கள் போற்றும் வீரரை அரசும் போற்ற வேண்டும் என்று உணர்ந்து, பேரரசரின் இசைவைப் பெற்றார். சீனாவின் ஃபுஜியன் மாகாணத் தலைநகரான ஃபூஜோவிலிருந்து கைவினைஞர்களையும் கட்டுமானப் பொருள்களையும் கப்பலில் வரவழைத்து, 1875-இல் அரசு ஆலயமாகக் கட்டி முடித்தார். வாழ்நாளெல்லாம் கைமீறிய சூழலில் நின்று, தீராத குறைகளை வானுக்கும் மண்ணுக்கும் விட்டுச்சென்ற நிறைமனிதர் என்று பொருள்படும் ஈரடிப் புகழுரையையும் ஷென் தம் கையால் எழுதினார். தம் அரசை எதிர்த்துப் போரிட்டவரைப் பற்றி ஓர் அதிகாரி இப்படி எழுதியதை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

1895-இல் தைவான் ஜப்பான் வசமானது. தாய்வழி உறவைச் சுட்டிக்காட்டி, 1897-இல் ஜப்பானியர் இவ்வாலயத்தைத் தங்கள் மரபுச் சமயமான ஷின்டோவின் ஆலயமாக அறிவித்தனர். தீவில் முதல் ஷின்டோ ஆலயம் இதுவே. 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்த பின் அந்த அடையாளங்கள் அகற்றப்பட்டாலும், வாசலில் நிற்கும் கல்தோரணத்தைக் கூர்ந்து பார்த்தால் பழைய ஜப்பானியத் தோரணவாயிலின் தூண்கள் தெரியும். மேல்பகுதியை மாற்றியமைத்து, நடுவில் அப்போது சீனாவை ஆண்ட தேசியக் கட்சியின் (கோமின்டாங்) சூரியச் சின்னத்தைப் பதித்து, அக்கட்சி அரசின் தளபதி பாய் சோங்ஷியின் எழுத்தையும் பொறித்திருக்கிறார்கள்.

அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. வாயிலைக் கடந்தால் முற்றம். அதன் நடுக்கோட்டில் முதன்மை மண்டபம். அங்கே வீற்றிருக்கும் கோக்சிங்காவின் உருவம் சிற்பி யாங் யிங்ஃபெங் வடித்தது. முற்றத்தின் இருபுறமும் நீளும் தாழ்வாரங்களில், மிங் அரசுக்காக உயிரையும் பதவியையும் இழந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்ப்பலகைகள் வரிசையாக உள்ளன. பின்கட்டில், 1646-இல் சிங் படையெடுப்பின்போது மாண்ட அவருடைய தாய்க்கு நடுவிடம் தரப்பட்டுள்ளது. அவருக்கு ஒருபுறம், 1683-இல் சரணடைய மறுத்து உயிர்நீத்த மிங் இளவரசர் ஜு ஷுகுயி. மறுபுறம், வாரிசுப் போட்டியில் கொல்லப்பட்ட பேரன் ஜெங் கெசாங். போரில் வென்ற ஒருவரின் ஆலயமாக இருந்தாலும், இங்கே இடம்பெற்றோரில் பெரும்பாலோர் தோற்றவர்களே.

1963-இல் ஃபூஜோ பாணிக் கட்டடத்தை இடித்து வடசீன அரண்மனைச் சாயலில் கட்டியதைப் பெரும் இழப்பாகவே கருதுகிறேன். வளைந்தெழும் பக்கச் சுவர்களும் மரவேலைப்பாடும் கொண்ட பழைய வடிவம், தைவானுக்கு எதிர்க்கரையான ஃபுஜியனின் கைவண்ணம். கோக்சிங்காவின் தந்தை ஊரும் படைத்தளமும் அந்த மாகாணத்தில்தான் இருந்தன. வடசீன அரண்மனைக் கூரைக்கும் அவருக்கும் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் மகன் மறுமுறை சென்றால், முன்மண்டபத்தோடு திரும்பிவிடாமல் பின்கட்டு வரை போய் வரச் சொல்லுங்கள்.