வெயிலை ஐதரசனாகச் சேமிக்கலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் கூரையில் சூரியப் படல்கள் பூட்டியிருக்கிறோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டபோது, உச்சி வெயில் அடித்தும் வீட்டில் மின்விசிறிகூடச் சுழலவில்லை. மிஞ்சும் மின்சாரத்தை ஐதரசனாக மாற்றி வைத்தால் கொழும்பு தன்னிறைவு அடையாதா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்று உங்கள் படல்கள் ஓய்ந்ததற்குச் சேமிப்பு இல்லாதது மட்டும் காரணமல்ல. கம்பியில் வேலை செய்யும் ஊழியர்மீது மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்றதும், படல்களின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் கருவியான இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்திருந்தால் மின்விசிறி சுழன்றிருக்கும்.

ஐதரசனுக்கு வருவோம். 5 கிலோவாற்றுக் கூரை நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு மின்சாரம் தரும். அதை முழுவதும் மின்பகுப்புக்கு, அதாவது மின்சாரத்தால் தண்ணீரை ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிப்பதற்குக் கொடுத்தால், சுத்திகரித்த தண்ணீர் மூன்றரை லீற்றர் செலவாகி, ஒரு கிலோவில் பாதியைக்கூட எட்டாத ஐதரசன் கிடைக்கும். எடை அவ்வளவு சொற்பமானாலும், அழுத்தாமல் விட்டால் அது ஒரு சிறு குளியலறையை நிரப்பிவிடும். இரவில், ஐதரசனைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தின் வழியாக அதை மின்சாரமாகத் திருப்பினால் ஆறு அல்லது ஏழு அலகுதான் கைக்கு வரும். அழுத்தும் செலவை நான் இன்னும் கழிக்கவேயில்லை. அதே 20 அலகைப் பற்றரியில் ஏற்றினால் 17 அல்லது 18 திரும்பும். ஆகவே, பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுபோக ஐதரசன் வீண் சுற்றுவழி என்பதே என் கருத்து.

ஆனால் ஒரு பருவத்தின் மிச்சத்தை இன்னொரு பருவத்துக்குக் கொண்டுபோவது வேறு கதை. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்ரெம்பர் வரை மன்னாரின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காலத்தில்தான் மேற்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்களும் நிரம்புகின்றன. பெப்ரவரி, மார்ச்சில் இரண்டும் ஒருசேர இளைத்துவிடுகின்றன. மாதக்கணக்கில் மின்சாரத்தைப் பற்றரியில் கிடத்தி வைப்பது கட்டுபடியாகாது. ஐதரசனோ தாங்கியில் காத்திருக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நிலத்தடி உப்புப் படிவத்தைக் குடைந்து அதில் சேமிக்க முனைகிறார்கள். அப்படியொரு குகைக்கு இங்கு வழியில்லாததால் நாம் உருக்குத் தாங்கிகளையே நம்பவேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

தன்னிறைவு என்றீர்கள். நோர்வேயின் உட்சீரா தீவில் 2004இல் தொடங்கிய முயற்சியில், காற்றாலையும் ஐதரசனும் சேர்ந்து 10 வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தன. கொழும்பின் மாடிகளை அந்தக் கணக்கில் எண்ணிப் பாருங்கள். மன்னாரிலிருந்து கம்பி வராமல் கொழும்பு தன்னிறைவு அடையும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: 2021 கடைசியில் சமையல் எரிவாயு வெடித்ததையே இன்னும் மறக்கவில்லை. ஐதரசன் அதைவிட ஆபத்தில்லையா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆபத்தின் இயல்பு வேறு. சமையல் வாயு கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். ஐதரசன் விர்ரென்று மேலே போய்விடும். ஆனால் அதற்கு மணமில்லை, அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பற்றும். கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் அந்தத் தாங்கியை வைக்க நான் ஒப்பமாட்டேன். வைத்தால் மொட்டைமாடியில், கூரையே இல்லாத இடத்தில்.