பேனலுக்கு முன்னால் 3 அடி போதாது

உங்கள் மின் அறையில் பேனலுக்கு முன்னால் 3 அடி போதும் என்று ஒப்பந்ததாரர் சொன்னது சரியா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன அளவுகளை வைத்தே பேசுகிறேன்: 480 வோல்ட், 1000 ஆம்பியர் ஸ்விட்ச்போர்டு (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெரிய பேனல்), எதிரே கான்கிரீட் சுவர், நடுவில் 3 அடி, மேலே தண்ணீர்க் குழாய், முன்னால் அட்டைப்பெட்டிகள். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பான என்இசி-யின் விதி 110.26 படி இது தேறாது. கான்கிரீட், செங்கல் சுவர்களை அந்த விதி தரையிணைப்பு (எர்த்) உள்ள பரப்பாகவே எடுத்துக்கொள்கிறது, உங்கள் 480 வோல்ட் இணைப்பில் ஒரு மின்கம்பிக்கும் தரைக்கும் இடையே 277 வோல்ட் வருவதால் முன்பக்க ஆழம் குறைந்தது 3.5 அடி வேண்டும். ஒப்பந்ததாரர் சொன்ன 3 அடி, தரைக்கு 150 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

குழாய் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்விட்ச்போர்டின் அகலம், ஆழம் முழுக்க, தரையிலிருந்து அதன் தலைக்கு மேல் 6 அடி வரை (கட்டுமானக் கூரை அதற்குக் கீழே வந்தால் அதுவரை) மின் வேலைக்குச் சம்பந்தமில்லாத குழாய் எதுவும் போகக்கூடாது. குழாய்க்கு அடியில் ஒழுகும் நீரைப் பிடிக்கத் தட்டு கட்டிச் சமாளிக்கலாம் என்பதெல்லாம் அந்த எல்லைக்கு மேலே ஓடும் குழாய்க்குத்தான். உங்களுடையது ஸ்விட்ச்போர்டின் தலைக்கு மேல் 2 அடி உயரத்திலேயே போகிறது, அதனால் மாற்றியே ஆக வேண்டும், சுவர் பூசுவதற்கு முன் செய்தால் செலவு குறைவு.

அப்புறம் கதவு. 800 ஆம்பியரும் அதற்கு மேலும் என்றால், வேலையிடத்திலிருந்து (பேனலுக்கு முன் ஆள் நின்று வேலை செய்யும் இடம்) 25 அடிக்குள் உள்ள ஆள் நுழையும் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கைப்பிடியைத் திருகாமல் தள்ளினாலே திறக்கும் பூட்டும் வேண்டும். மின்பொறி வெடித்துக் கை வெந்தவரால் குமிழைத் திருக முடியாது, தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த வேலையிடத்தில் இருக்கும் அட்டைப்பெட்டிகளை இன்றைக்கே வெளியே எடுங்கள். உங்கள் ஊர் என்இசி-யின் எந்த ஆண்டுப் பதிப்பை ஏற்றிருக்கிறது என்று ஆய்வாளரிடம் கேட்டுவிட்டு வரைபடத்தைத் திருத்துங்கள்.